நல்ல இடம், வில்லங்கம் இல்லை

“ஆவணி, வெள்ளிக்கிழமை, முற்பகல். மனை விற்பவர், முதலியார்பேட்டை. சட்டப்படி விரட்டப்பட்டார்.”

தொல்லை அழைப்புகளைக் குறித்துவைக்கும் என் டைரியில் இப்படி ஒரு வரி இருக்கிறது. இதில் நாளும் ஊரும் மட்டும்தான் சரி.

மூலக்குளத்தில் குடியிருந்த எனக்கு அப்போது வந்த போன்களில் பாதி மனை விற்பவர்களுடையவை. விளம்பர அழைப்பு வேண்டாமென்று முறைப்படி பதிவும் செய்திருந்தேன். (யார் மதிச்சா?) விதிகளைக் கடுமையாக்குவது பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்த நேரம் அது. நானும் அதற்கு எழுதிக்கொண்டிருந்தேன். “சம்மதமின்றி” என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடும்போது போன் அடித்தது.

“வணக்கங்க. நம்ம இடம் முதலியார்பேட்டைங்க. நல்ல இடம். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

புகார் கொடுக்க விவரம் வேண்டுமே! குரலில் தேன் தடவிக்கொண்டேன்.

“கெழக்கு பாத்ததா?”

“வீடு கெழக்கு பாத்ததுதாங்க.”

“வில்லங்கம் எதுனா?”

“சீச்சீ! அதெல்லாம் ஒண்ணும் கெடயாதுங்க.”

“இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களா?”

“ரெண்டு பேரு வந்தாங்க. ஒத்துவரல.”

“பாத்தீங்களா! ஏதோ கொற இருக்கு, என் தலையில கட்டப் பாக்கறீங்க.”

ஜெயித்துவிட்ட மிதப்பில் சட்டத்தை எடுத்துவிட்டேன். “மொதல்ல, சம்மதம் வாங்கினீங்களா? சம்மதம் இல்லாம நம்பரக் கைமாத்தி விடறதே தப்பு. ஆணையத்துக்கு இதப் பத்திதான் கடுதாசி எழுதிட்டிருக்கேன். புகார் குடுத்தா உங்க லைனே கட்டாயிடும்!”

“யோவ், உங்கம்மாதான்யா நம்பர் குடுத்தாங்க!”

பட்டென்று வைத்துவிட்டார். சமையலறையிலிருந்து அம்மா தலையை நீட்டினார். “முதலியார்பேட்டையிலேர்ந்து பொண்ணோட மாமா பேசறேன்னாரே, பேசினாராடா?”

(அந்த நேரம் எனக்கே என் லைன் கட்டாகக்கூடாதா என்றிருந்தது.)

விஷயம் தெரிந்ததும் அம்மா தட்டை ணங்கென்று வைத்துச் சோறு போட்டார். அது அவர் தேடிப்பிடித்த ஏழாவது சம்பந்தம். மன்னிப்புக் கேட்க மாமாவை அழைத்தேன். என் எண்ணை பிளாக் செய்திருந்தார். சட்டம் தராத பாதுகாப்பை அவர் தாமே எடுத்துக்கொண்டுவிட்டார்.

சாயங்காலம் புது எண்ணிலிருந்து ஒரு பெண் குரல்.

“நீங்க வில்லங்கம் கேட்ட இடம் பேசறேன். பேர் மஞ்சு. பேச சம்மதமா?”

“ம்” என்றேன்.

“மாமா ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. வூடே கேட்டுச்சு. என் போட்டோ, நம்பர் எல்லாத்தயும் என்னக் கேக்காமயே ஊருக்கெல்லாம் அனுப்பிட்டாருங்க. சம்மதம் வாங்கினியான்னு அவர இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க.”

“நான் மனையப் பத்தி…”

“தெரியுது. இருந்தாலும் கேட்டீங்கல்ல? அந்தக் கடுதாசில, நம்பரக் கைமாத்தறவங்களுக்கும் தண்டன வேணும்னு சேத்து எழுதுங்க.”

எழுதினேன். உப்பளம் பகுதியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவள் வாசகத்தைத் திருத்தினாள். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த தை மாதம் இன்னொரு கையெழுத்தும் சேர்ந்து போட்டோம், பதிவாளர் முன்னிலையில்.

இன்றும் எந்த விசேஷத்திலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: “நம்ம மாப்ள. சம்மதம் வாங்கிட்டுப் பேசுங்க, லைனக் கட் பண்ணிடுவாரு!”

பிறகு விதிகள் திருத்தப்பட்டன. புகார் செய்வதற்கான அவகாசமும் கூடியது. எங்கள் கடிதமும் அதற்கு ஒரு காரணம் என்று மஞ்சு எல்லாரிடமும் சொல்லி வருகிறாள். அந்தக் கடிதத்தை அங்கே யாராவது பிரித்தாவது பார்த்தார்களா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.