தோள் வலியால் வாலிபர் தலைவனானவன்

கெட்சல்தெனாங்கோ,
ஞாயிறு, ஆராதனையும் சாப்பாடும் முடிந்தபின்

தலைமை அலுவலகத்தில் வாலிபர் ஊழியப் பொறுப்பாளரும், வீட்டு முறையில் எனக்கு மூத்தவருமான எல்டா அக்காவுக்கு, தம்பி ஒபேத் ஆண்டவருடைய நாமத்தில் வணக்கம் சொல்லி எழுதுவது. கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அங்கே அத்தானும் அவருடைய முழங்காலும் அப்படியே சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் சபை வாலிபர் கூட்டத் தலைவர் பொறுப்பிலிருந்து நான் விலகுகிறேன். இதை அலுவலகக் கடிதமாகக் கோப்பில் போட்டாலும் சரி, தம்பியின் புலம்பலாக மடித்து வைத்தாலும் சரி.

அந்தப் பொறுப்புக்கு நான் வந்த கதையை உங்களிடம் இதுவரை மறைத்துவிட்டேன். ஜூன் மாதம் பாஸ்டர் எர்மெலிந்தோ பிரசங்கத்தின் முடிவில், "எல்லாரும் கண்ண மூடுங்க, தலையக் குனிங்க. வாலிபப் பிள்ளைங்கள நடத்த ஆண்டவர் யாரக் கூப்பிடுறாரோ அவங்க கையத் தூக்குங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். நான் அந்த வாரம் முழுக்க ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து பிரேக் மாற்றியவன், தோள்பட்டை இறுகிப்போயிருந்தது, யாரும்தான் பார்க்கப்போவதில்லையே என்று கையை மேலே தூக்கி ஒரு நெளி நெளித்தேன். "ஆமென், ஒரு கை தெரியுது, பேர் சொல்ல மாட்டேன்" என்றார் பாஸ்டர். அடுத்த மூச்சிலேயே, "பிரதர் ஒபேத், முன்னாடி வாங்க" என்றார். சபையே அல்லேலூயா சொல்லும்போது தோள் வலி என்று எப்படிச் சொல்வது?

அதற்கு ஒரு மாதம் முன்பே என் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பதினாறு வயது கெய்லா ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்பா, யார்ட்டயும் சொல்லாதீங்க. ஜெபம் பண்றப்ப அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை பெற்றோர் ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பாக மட்டும் கொடுத்தேன். நம் ஆட்களுக்கு இரண்டும் வேறு வேறுதானே? வியாழன் காலையில் சோள ரொட்டி விற்கும் சிஸ்டர் பவுலா, ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே அவளிடம், "உன் அவிசுவாசத்துக்காக மூணு நாள் உபவாசம் எடுத்திருக்கேன் மகளே" என்று சொல்லிவிட்டார். மத்தியானம் தலைநகரிலிருந்து நீங்களே எனக்கு ஆறுதல் வசனம் அனுப்பினீர்கள். அன்றிலிருந்து நான்கு மாதமாக என் மகள் என்னோடு பேசுவது "ம்" ஒன்றுதான். சபையை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன். என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயந்தேன். சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவாள், கதவை ஒட்டிக் கடைசி நாற்காலியில் உட்காருவாள்.

நீங்கள் அனுப்பிய பயிற்சிக் கையேட்டை வேதத்துக்கு அடுத்தபடியாக மதித்து நடத்தினேன். பிள்ளைகளின் உலகத்துக்குள் நுழையுங்கள் என்று முதல் பாடத்தில் இருந்ததால் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன். ஹெட்போனைக் கழற்றாத வில்மர் என்கிற பையன், ஒரு காதை மட்டும் திறந்து, "பிரதர், பஸ்ஸுக்கு அடியிலருந்து நேரா வர்றீங்களா?" என்றான். இரண்டாம் பாடம் கைப்பேசி அடிமைத்தனம். பதினான்கு பேருடைய கைப்பேசியையும் ரொட்டிக் கூடையில் வாங்கி வைத்து நான் முழங்கிக்கொண்டிருக்கும்போது கூடைக்குள்ளிருந்து எக்காளம் முழங்கியது. ஒவ்வொரு முகமாக முறைத்தேன். "எடுத்துப் பேசுங்க பிரதர், உங்களோடதுதான்" என்றான் வில்மர். பஸ் முதலாளி, பிரேக் பிடிக்கவில்லையாம்.

மூன்றாம் பாடம்தான் என்னை முடித்துவிட்டது. பேர் போடாமல் ஒரு கேள்வி எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் தலைவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லட்டும் என்று இருந்தது. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தேன். ஆறு கேள்விகளை ஒருவழியாகச் சமாளித்தேன். ஏழாவது தாளைச் சத்தமாகப் படித்தேன்: "நம்பிச் சொன்னத ஒருத்தர் சபை முழுக்க ஜெபம் பண்ணச் சொல்லிட்டா, அது ஜெபமா, ஊர்வம்பா?" படித்து முடித்த பிறகுதான் அந்த வளைந்த வளைந்த எழுத்து கண்ணில் பட்டது. கெய்லாவின் எழுத்து.

கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். அங்கே உங்கள் அலுவலக முகவரிதான் இருந்தது. இரண்டு நிமிடமும் போய்விட்டது. "ஊர்வம்பு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. "அதப் பண்ணது நான்தான். எம்பொண்ணு எங்கிட்ட மட்டும் சொன்னத நான் ஊருக்கே சொன்னேன். எப்பிடி மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே, பிரேக் எண்ணெய் வாசம் போகாத கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன் அக்கா, பிள்ளைகளுக்கு முன்னால்.

யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக வந்து என் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். வில்மர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஆண்டவரே, பிரதர் பாவம். இவருக்கு ஒண்ணும் தெரியல. ஆனா ட்ரை பண்றாரு. பாத்துக்கோங்க" என்று ஜெபித்தான். முப்பது வருடமாக ஜெபம் கேட்கிறேன், இவ்வளவு நேராக மேலே போன ஜெபத்தைக் கேட்டதில்லை. கெய்லா மட்டும் வரவில்லை. கைக்குட்டை ஓரமாகப் பார்த்தேன். எழுந்து நின்றாள். வெளியே யாருக்கும் கேட்கக்கூடாதென்று கதவைச் சாத்தினாள்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. இன்றோடு மூன்று ஞாயிறு ஆகிறது, விஷயம் வெளியே போகவே இல்லை! நம் சபையில், அக்கா! சிஸ்டர் பவுலாவிடம் ரொட்டி வாங்கும் சாக்கில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன், அவர் முகத்தில் ஒரு அறிகுறியும் இல்லை. பெரியவர்கள் நாங்கள் ஒரு இரவுகூடக் காக்க முடியாததை இந்தப் பதினான்கு பிள்ளைகளும் பூப்போல வைத்துக் காத்தார்கள். செங்கடல் பிளந்ததை நான் பார்த்ததில்லை, இதைப் பார்த்துவிட்டேன்.

ஆகவே, இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தகுதி? பெட்டியைத் தொடவே பயமாயிருக்கிறது, மிச்சத் தாள்களோடு அது என் பட்டறை அலமாரியில் கிடக்கிறது. கெய்லா இன்னும் "ம்" தான் சொல்கிறாள், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறாள். தகுதியான ஒருவரை அனுப்பி என்னை விடுவிக்கவும். இக்கடிதத்தை ஜெபக் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் போக்கும் வரத்தும் ஆசீர்வாதமாயிருக்கட்டும். அத்தானுக்கு என் அன்பும், அவர் முழங்காலுக்கு என் விசாரிப்பும்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஒபேத்

பின்குறிப்பு: உறையில் போடும்போது கெய்லா வந்து நின்றாள்.

"யாருக்கு?"

"அத்தைக்கு. பொறுப்ப விட்டுர்றேன்னு. உன் ஒரு கேள்விக்கே அழுதுட்டேனேம்மா."

"எந்தக் கேள்வி? அது நான் எழுதலப்பா."

"வளைச்சு வளைச்சு இருந்துச்சே?"

"பாதிப் பேரு அப்பிடித்தான் எழுதுவோம். பாதிப் பேரு வீட்ல அதான நடக்குது. என்னோடது இன்னும் பெட்டிக்குள்ளதான் கெடக்கு. எப்ப எடுப்பீங்கன்னு மூணு சனிக்கிழமையா உக்காந்திருக்கேன்."

பட்டறைக்குப் போய் எடுத்துப் படித்தேன். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன் அக்கா. ஜெபக் குறிப்பாகக்கூடச் சொல்லமாட்டேன். விலகலை அடித்துவிடுங்கள், சனிக்கிழமை நான் அங்கே இருந்தாக வேண்டும். தோள் வலி போய்விட்டது. இந்தத் தடவை தெரிந்தேதான் கையைத் தூக்குகிறேன்.