செத்த ஜப்பான்காரர் புல் பிடுங்கிய படம்

வத்தளையில் சுகமாக வீற்றிருக்கும் அழகன் மச்சானுக்கு, டிக்கோயாவிலிருந்து உங்கள் மச்சினன் சின்னராசா, மரியாதைக்குக் குறைவில்லாமலும் வயிற்றெரிச்சலோடும் எழுதிக்கொள்வது. அக்காவையும் பிள்ளைகளையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களை விசாரிக்கவில்லை. பென் டிரைவ் அனுப்பி ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவருக்கு என்ன குறை இருக்கப்போகிறது?

எங்கள் மகள் தனுஷிகா, பொல்பிட்டியவில் வேலை பார்க்கும் நிரஞ்சனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பது உங்களுக்குத் தெரியும். பையன் தங்கம். அப்பாதான் வில்லங்கம். பேரின்பநாயகம் மாஸ்டர், ஹட்டனில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனாரும் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வாத்தியாராக வந்தவராம். அதை மூச்சுக்கு மூச்சு சொல்லுவார். நமக்கும் சொல்ல ஒன்று வேண்டாமா? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவரை, வடை சாப்பிட்ட கையோடு டீவி முன்னால் உட்கார வைத்து, உங்கள் பென் டிரைவைச் சொருகினேன்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்து எடுத்த கறுப்பு வெள்ளை யுத்தப் படம். கதை நடப்பது பர்மாவில். தோட்டத்து ஆட்களுக்குத் தொப்பியும் கட்டைத் துப்பாக்கியும் கொடுத்து ஜப்பான் படையாக்கிவிட்டார்கள். என் அப்பாவுக்குக் குண்டு பட்டுச் சாகிற வேஷம். எவ்வளவு பெருமை! ஆனால் மாஸ்டர் படம் பார்க்க வரவில்லை மச்சான், பரீட்சைத் தாள் திருத்த வந்திருந்தார். "உது அந்தக் காலத்துத் துவக்கே இல்லை" என்று ரிமோட்டைப் பிடுங்கினார். நிறுத்தினார். ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். "பர்மாக் காட்டுக்குள்ளை ஆர் ஐயா தேயிலைக்குக் கவ்வாத்துப் பண்ணி வைச்சது?" என்றார். ஜப்பான் தளபதியைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். தூறலில் குடை பிடித்துக்கொண்டு, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, அந்த மனுஷன் பின்னால் நின்று கையை நீட்டிப் படையை ஏவுகிறார். "ஆரிந்த மொக்கன்? தேவாரம் பாடப் போறவன் மாதிரி நிக்கிறான்!" என்று மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அடுத்தது தாக்குதல். நம் ஆட்கள் எப்படித் தாக்குவார்கள், சொல்லுங்கள்? கொழுந்து பறிக்கப் போகிற மாதிரியே ஆளுக்கொரு நிரை பிடித்துக்கொண்டு, அடுத்தவன் நிரைக்குள் கால் வைக்காமல், ஒரு செடியையும் மிதிக்காமல் வரிசையாக ஓடுகிறார்கள். "எந்தப் படையாவது உப்பிடி ஓடுமே?" என்று மாஸ்டர் துள்ளினார். நான் விடவில்லை. "செடிய மிதிச்சா கங்காணி அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்த வெட்டிருவாருங்க. ஜப்பான்காரனா இருந்தா மட்டும் விட்ருவாரா?" என்றேன். நியாயமான பதில்தானே? அதற்கே முகம் சிவந்துவிட்டது.

பிறகுதான் அப்பா செத்தார். அழகாகச் செத்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் விழுந்த இடத்தில் செடியடி முழுக்கப் புல். சாகத்தானே சொன்னார்கள், சும்மா கிடக்கச் சொல்லவில்லையே! செத்த ஜப்பான்காரர் மெல்லக் கையை நீட்டிப் புல்லைப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணை உதறி, பக்கத்தில் போட்டார். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. என் வீட்டுக்காரி நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "மாமா செத்தும் வேலைய விடல பாருங்க!" என்று கைதட்டினாள். மாஸ்டர் எழுந்தே விட்டார். "சரித்திரத்தைக் கொலை செய்து போட்டியள்! உண்மைக்கு மதிப்பில்லாத வீட்டிலை நான் சம்பந்தம் வைக்கேலாது!" என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அது என்னுடைய செருப்பு.

தனுஷிகா அழவில்லை. டீவியோடு மாஸ்டர் சண்டை பிடித்ததையெல்லாம் போனில் வீடியோ எடுத்து நிரஞ்சனுக்கு அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சோறு தின்னாமல் கிடப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது மச்சான். எல்லாம் உங்களால் வந்தது. இனிமேல் எந்தப் படமும் அனுப்ப வேண்டாம். திருவிழாவுக்கும் வர வேண்டாம். முருகன் உங்களை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த சின்னராசா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். தனுஷிகா அனுப்பியதை நிரஞ்சன் தன் அம்மா புனிதவதிக்குக் காட்டியிருக்கிறான். அந்த அம்மா அதில் டீவியில் தெரிந்த தளபதியைக் கண்டதும், "ஐயோ, உது எங்கடை மாமாவெல்லே! குடையைப் பிடிக்கிற பிடியைப் பாருங்கோ!" என்று கத்திவிட்டாராம். ஆமாம் மச்சான், மாஸ்டருடைய தகப்பனாரேதான்! சிரிக்கிற அவசரத்தில் சொந்த அப்பாவைத் தெரியவில்லை. இப்போது குரலே மாறிவிட்டது. "ஜப்பான் படையிலை சைவர்கள் இருந்திருக்கக் கூடும் சம்பந்தி, ஆராய வேணும்" என்கிறார். வருகிற ஞாயிறு சொந்தபந்தங்களோடு வந்து, முழுப் படமும் பார்த்துவிட்டுத் தட்டு மாற்றுகிறார்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும். கட்டாயம் வரவும், ஏனென்றால் இப்போது நாகலெட்சுமி மறுக்கிறாள். "அவங்கப்பா கொடைக்குள்ள நின்னுக்கிட்டு எங்க மாமாவ முன்னுக்கு அனுப்பிச் சாவடிச்சிருக்காரு. அதுக்கு மொதல்ல ஒரு மன்னிப்புக் கேக்கட்டும், அப்பறம் தட்டு மாத்தலாம்" என்கிறாள்.