மகுட விற்பனையாளர்

பறப்பன, ஊர்வன, நீந்துவன என்று உயிர்களையெல்லாம் முறையாக வகுத்த பெரியோர் ஓர் இனத்தை மட்டும் எப்படியோ மறந்துவிட்டார்கள். அது மறுவிற்பன. எல்லாம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் இவ்வினத்தார் உங்களையும் என்னையும் போலவே உண்டு, உறங்கி, கொட்டாவி விட்டு வாழ்வார்கள். கடைத்தெருவில் ஒரு பொருள் அருகிவிட்டது என்ற செய்தி மட்டும் காதில் விழட்டும். இடியோசை கேட்ட மயில்போலத் தோகை விரித்துவிடுவார்கள். முந்தாநாள் சர்க்கரை. நேற்று வெண்ணெய். இன்று முட்டை. நாளை எதுவென்று நமக்குத் தெரியாது. அவர்கள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தால் தெரியும்.

இவர்களை அடையாளம் காண்பது எப்படி? மிக எளிது. கைபேசிச் செயலியில் நடக்கும் சந்தைக்குப் போய் ஒரு பொருளைக் கேளுங்கள். வீட்டில் கூரைமுட்ட அடுக்கியிருந்தாலும், "கடைசி ரெண்டுதாங்க இருக்கு" என்பார்கள். அந்த இரண்டு என்றும் தீராது; எடுக்க எடுக்கச் சுரக்கும் அட்சய பாத்திரம் அது. "உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்" என்பார்கள். நீங்கள் யாரென்றே தெரியாது. "இது வியாபாரம் இல்லீங்க, சேவை" என்பார்கள். ஆனால் விலை சொல்லும்போது மட்டும், துக்கம் விசாரிக்க வந்தவர்போல் குரல் தாழ்ந்துவிடும்.

இவ்வினத்தின் பழுதற்ற மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன், அருகில் வாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருபது ஆண்டுகளாகப் பிறர் கண்ணைத் திறந்துவைத்தவர். முட்டைத் தட்டுப்பாடு வந்த முதல் நாள், குடும்பத்துக்கென்று மெய்யாகவே நல்லெண்ணத்தோடு இரண்டு அட்டை முட்டை வாங்கினார். வீட்டுக்கு வரும் வழியில், முகமறியாத ஒருவர் முட்டை கேட்டுக் கைபேசிச் சந்தையில் கெஞ்சுவதைக் கண்டார். நல்லெண்ணம் அந்தத் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டது.

அன்றுமுதல் அவர் கடைக்காரர் மட்டுமல்லர்; திரைக்குப் பின்னே 'வெண்முத்து' என்னும் புனைபெயர் பூண்ட வணிகர். கண் சோதிக்கும் விளக்கை அணைத்துவிட்டு, அதன் முன் முட்டையை நிறுத்தி, மறுபடி ஏற்றி, உள்ளே ஒளி ஊடுருவுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். கண்ணாடிச் சட்டங்களைக் காட்சிக்கு வைக்கும் கருநீல வெல்வெட்டின் மேல் அதைச் சாய்த்து, மூன்று கோணங்களில் படமெடுத்து, கீழே இப்படி எழுதுவார்: 'கையால் தேர்ந்தது. இதுவரை வேகவைக்கப்படாதது. முந்தைய உரிமையாளர் ஒருவரே, கோழி.'

பொதிவதில்தான் அவருடைய மேதைமை. பெரிய கண்ணாடிகளுக்கென்று வாங்கி விலைபோகாமல் கிடந்த தடித்த பெட்டிகள் கடையில் நிறைய இருந்தன. ஒரு பெட்டிக்கு இரண்டு முட்டை. மேலே போர்த்தக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி. வாங்கியவர்கள் வாயடைத்துப்போய் ஐந்து நட்சத்திரம் அளித்தார்கள். அந்த நட்சத்திரங்களைக் கண்டபின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது முறை ஐந்து நட்சத்திரம் பெற்றவருக்குப் பெயரின்மேல் பொன்மகுடம் சூட்டுவது அந்தச் சந்தையின் வழக்கம். அவர் கையிலோ நாற்பத்தொன்பது. இன்னும் ஒன்று! பொருளா பெரிது? மகுடமல்லவா பெரிது!

வீட்டில் மட்டும் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. கூடவே வாழும் மாமனாருக்குக் காலையில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை வேண்டும். நாற்பது ஆண்டுப் பழக்கம்.

"மாப்பிள்ளை, ஃபிரிட்ஜ்ல முட்டை தெரியுதே?"

"அது ஸ்டாக் மாமா. தொடாதீங்க."

"நானும் நட்சத்திரம் குடுக்கறேன்யா. எத்தனை குடுத்தா ஒண்ணு கிடைக்கும்?"

"வீட்டு ஆளுங்க குடுத்தா கணக்குல சேராது மாமா."

"அப்ப நான் வெளியாளா ஆயிடறேன். வாசல்ல நின்னு பெல் அடிக்கட்டுமா?"

மருமகன் குளிர்பெட்டியைச் சாத்தினார். மாமனாரும் லேசுப்பட்டவரல்லர். எல்லாரும் அசந்த நேரம் பார்த்து, எஞ்சியிருந்த இரண்டு முட்டைகளின் அடிப்புறத்தில் பென்சிலால் எதையோ எழுதிவிட்டு, ஒன்றுமறியாதவர்போல் நாளிதழை விரித்துக்கொண்டார்.

அன்று மாலைதான் தெரு நலச் சங்கத்தின் பொதுக்கூட்டம். பொருள்: உணவைப் பதுக்கி அதிக விலைக்கு விற்போரைக் கண்டிக்கும் தீர்மானம். வாசிப்பவர் சங்கத் தலைவியான முன்னாள் தலைமையாசிரியை. வழிமொழிபவர், நாணயத்துக்குப் பெயர்போனவர் என்பதால், நம் கண்ணாடிக் கடைக்காரர். அவரையே கண்காணிப்புக் குழுவின் தலைவராக்கவும் ஏற்பாடு. வெண்முத்து யாரென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால்? அந்த நினைப்பிலேயே அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த கையைத் துடைத்துக்கொண்டு நட்சத்திரத்தை எண்ணுவார்.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கடையில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்றில் ஐம்பதாவது வாடிக்கையாளருக்கான கடைசி இரண்டு முட்டை. இம்முறை கடைசி இரண்டு என்பது மெய். இனத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறையாக இருக்கும். மற்றொன்றில் தலைமையாசிரியையின் புதிய கண்ணாடி. வாசலில் பொதி எடுத்துப்போக வந்த மோட்டார்சைக்கிள்காரர் ஒலியெழுப்பினார். கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமலே கடைக்காரர் ஒரு பெட்டியை அவரிடம் நீட்டினார். மற்றதை, கண்ணாடி வாங்க வந்து நின்ற தலைமையாசிரியையிடம் கொடுத்தார்.

"போட்டுப் பாத்துரட்டுமா?"

"எதுக்கு டீச்சர்? அளவெடுத்துச் செஞ்சது. கூட்டத்துக்கு நேரமாச்சு."

"கொஞ்சம் கனமா இருக்கே?"

"உசத்தி லென்ஸ் டீச்சர். கனமாத்தான் இருக்கும்."

பொய் சொன்னதாக அவர் நினைக்கவேயில்லை. பழக்கம்.

மன்றம் நிறைந்திருந்தது. தலைமையாசிரியை எழுந்தார், தொண்டையைச் செருமினார், தீர்மானத் தாளை இடக்கையில் பிடித்து வலக்கையால் பெட்டியைத் திறந்தார். துணியை விலக்கினார். விரல்கள் துழாவின.

"என்னங்க இது? லென்ஸ் உருண்டையா இருக்கு. ஃபிரேமையே காணோமே?"

பக்கத்தில் அமர்ந்திருந்த தையல்காரர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், இது முட்டை."

"என்னது?"

"முட்டை டீச்சர். ரெண்டு. அடியில என்னமோ எழுதியிருக்கு." அவர் ஒன்றைப் புரட்டி உரக்க வாசித்தார்: "'இது மாமாவுக்கு. தொடாதே.'"

"அது என்னுது!" பின்வரிசையிலிருந்து மாமனார் துள்ளியெழுந்தார். "மாப்பிள்ளை! அது எப்படிய்யா மேடைக்குப் போச்சு?"

கடைக்காரரின் சட்டைப் பையிலிருந்த கைபேசியில் எக்காளம் முழங்கியது, தொடர்ந்து ஒரு தேன்குரல் மன்றமெங்கும் பரவியது: "வாழ்த்துகள், வெண்முத்து! உங்கள் ஐம்பதாவது வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம் வழங்கியுள்ளார். அவருடைய கருத்து: 'முட்டை வரலை. மூக்குக்கண்ணாடி வந்துச்சு. போட்டுப் பாத்தா என் கண்ணுக்கு அச்சா பொருந்துது. ரொம்ப நன்றி.' இன்று முதல் நீங்கள் மகுட விற்பனையாளர்!"

மகுடம் வந்த வேளையில் தலை தாழ்ந்திருந்தது. இனி என்ன நடக்கும்? தெருவே திரண்டு அவரைத் தூற்றப்போகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? கடைக்காரரும் அப்படித்தான் நினைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முதலில் வாய் திறந்தவர் தையல்காரர். "ஏங்க, வெண்முத்து நீங்கதானா? இத்தனை நாள் பக்கத்துக் கடைக்கு டெலிவரி சார்ஜ் வேற குடுத்திருக்கேனே!"

"எனக்கு நாளைக்கு நாலு வேணும்" என்றது ஒரு பெண்குரல்.

"நான் அவங்களுக்கு முன்னாடியே கேட்கணும்னு நினைச்சேன்" என்றார் வேறொருவர்.

நாற்காலிகள் நகர்ந்தன, கண்டிக்க வந்த கூட்டம் வரிசையாக நின்றது. எழுந்த கடைக்காரர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். இனத்தின் நாக்கு விடுமா?

"கடைசி ரெண்டுதாங்க இருக்கு," என்றார். "அதுவும் டீச்சர் கையில இருக்கு."

எல்லாக் கண்களும் மேடைக்குத் திரும்பின. தலைமையாசிரியை பெட்டியைப் படாரென்று மூடித் தம் கைப்பைக்குள் வைத்தார். "கண்ணாடி இல்லாம என்னால தீர்மானம் வாசிக்க முடியாது. கூட்டம் ஒத்திவைக்கப்படுது. இது ரெண்டும் சாட்சிப் பொருள், என்கிட்டயே இருக்கட்டும்."

"டீச்சர்," என்று மாமனார் ஈனக்குரலில் கேட்டுக்கொண்டார், "மூணு நிமிஷத்துக்கு மேல வேக விடாதீங்க. சாட்சி கெட்டிப்பட்டுரும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் வெல்வெட் விரித்தவரல்லர், நட்சத்திரம் எண்ணியவருமல்லர். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு, உங்கள் வீட்டில் இப்போது எத்தனை முட்டை இருக்கிறது என்று மனத்துக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தீர்களா இல்லையா?

எண்ணினீர்களா? சரி. படமெடுப்பதானால் சன்னலோரக் காலை வெளிச்சத்தில் எடுங்கள். அதில்தான் முட்டை எடுப்பாகத் தெரியும்.