பிறர் காலால் மலையேறும் ரசிகர்

விளையாட்டு ரசிகர்களில் பல இனங்கள் உண்டு. கத்துபவர், அழுபவர், நடுவரின் பரம்பரையையே திட்டுபவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது இன்னொரு இனம்: தன் அணி வெல்வதற்காகப் பிறருடைய உடம்பை நேர்த்திக்கடன் வைப்பவர்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் நாங்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோவில் இந்த இனத்தின் தலைமகன் பேனாட் அண்ணை. இங்கே கிரிக்கெட்டுக்கு மைதானம் கிடைக்காமல் எங்கள் பங்குக் கோவில் பையன்கள் பேஸ்போலுக்கு மாறி, ‘விடிவெள்ளி’ என்று ஓர் அணி தொடங்கிய நாள் முதல், வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் சன்னல்களைத் துடைத்தபடியும், பேருந்தில் தொங்கியபடியும், பூசையில் முழந்தாளிட்டபடியும் அவர் நினைப்பது அந்த ஒன்பது பேரைத்தான். அவர்கள் என்ன செய்தார்கள்? தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றார்கள். அண்ணையின் இதயம் ஆறு முறை நொறுங்கியது. சனியும் ஞாயிறும் நடக்கும் கடைசி இரண்டு ஆட்டங்களையும் வென்றால்தான் அடுத்த வருடமும் தொடரில் இடம்.

சனிக்கிழமை வென்றார்கள்! அண்ணை மைதானத்துக்குள் பாய்ந்து, அணித்தலைவன் ஜெனோஜனைக் கட்டிப்பிடித்து, கண்ணீரும் கம்பீரமுமாக அறிவித்தார்.

“தம்பி, இண்டைக்கு வெண்டால் நாளைக்கு விடிய நீங்கள் ஒன்பது பேரும் வெறுங்காலோடை மலை ஏறுவியள் எண்டு மலைக்கோவில் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேந்தனான்!”

“நாளைக்குப் பின்னேரம் மட்ச் அண்ணை! நேந்தது நீங்கள், நடக்கிறது நாங்களோ?”

“எனக்கு முழங்கால் வருத்தமெல்லோ. வெண்டதும் நீங்கள்தானே!”

மறுத்திருக்கலாமே என்கிறீர்களா? ஜெனோஜனின் தாய் றோசமலரை உங்களுக்குத் தெரியாது.

“புனிதைக்குச் சொன்னால் சொன்னதுதான். சப்பாத்தைக் கழட்டடா.”

முடிந்தது.

ஞாயிறு விடிய, பெல்லெகிரினோ மலைப்பாதையின் கற்கள் பதினெட்டுப் பாதங்களையும் பதம் பார்த்தன. அண்ணை? பேருந்தில் மேலே போய், தண்ணீர்ப் போத்தலோடு காத்திருந்தார். உச்சியில், குகைக்கோவில் வாசலில், கொப்புளங்களை ஊதியபடி இன்னும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார்? பின்னேரம் மோத வேண்டிய மொரீஷியஸ் தமிழர் அணி! அவர்களின் தலைவன் வாசெனுக்கு எவ்லின் என்று ஓர் அத்தை. அந்த அம்மாவும் நேர்ந்திருந்தாராம்.

அந்தப் பின்னேர ஆட்டத்தை என்னவென்று சொல்வேன்! பந்தை அடித்தவனும் ஓடவில்லை, அதைத் துரத்த வேண்டியவனும் ஓடவில்லை. பந்து மட்டும் தனியாக உருண்டு திரிந்தது. கடைசிச் சுற்றிலும் இரு அணியும் சமம். ஜெனோஜன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது! அப்படிப் பறந்தால் ஓடத் தேவையில்லை. நான்கு மூலைகளையும் நடந்தே சுற்றலாம். அவன் நடந்தான். ஐயோ, அந்த நடை! ஒவ்வொரு மூலையிலும் நின்று, பாதத்தைத் தூக்கிப் பார்த்து, முனகி, மறுபடி நொண்டி, அவன் சுற்றி முடிப்பதற்குள் றோசமலர் ஒரு முழுச் செபமாலை சொல்லிவிட்டார். வெற்றி! அடுத்த வருடமும் இடம்! அழாத கண் எது?

“பாத்தியளே என்ரை நேத்தியை!” அண்ணை முழங்காலை மறந்து துள்ளினார். “அடுத்த வருசம் கோப்பை எடுத்தால் ஒன்பது பேரும் மொட்டை!”

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் தலையைப் பொத்திக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வருடம் உங்கள் பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பித்து வந்தால் கணவர் ஒரு வருடம் இறைச்சி தொடமாட்டார் என்று நேர்ந்தது யார்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பாவம், மனுசன் இன்னமும் கத்தரிக்காய்தான் தின்கிறார்.