கறுப்பு மை பூசிய கார்

மனிதர்களில் 'கராச்சில் ஏமாறாதவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகும் அன்று வேண்டுமென்றே கிழிந்த கோட்டை மாட்டிக்கொள்வார், மெக்கானிக் பொனட்டுக்குள் தலையை விட்டால் கூடவே தன் தலையையும் விடுவார், கழற்றிப்போட்ட பழைய சாமான்களைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்குவார், கொழும்பில் எல்லாம் பாதி விலை என்று பெருமூச்சு விடுவார். கொழும்பில் விசாரித்தாரா? அது எதற்கு?

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த கனகலிங்கம் இந்த இனத்தின் தலைமகன். மகள் பூரணத்தைப் பெண் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருகிறார்கள்; ஹட்டன் ஸ்டேசனிலிருந்து அவருடைய ஒஸ்டின் காரில்தான் அழைத்துவர வேண்டும். போகிற வழியில் கராச்சில் எண்ணெய் மாற்றினால் போதும். ஆனால் கராச்சுக்காரன் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானைப் பூட்டிவிட்டால்? முதல்நாளே, தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயர் அடிக்கிற கறுப்பு மையை எடுத்து, எஞ்சினில் கைக்கு எட்டியதற்கெல்லாம் அடையாளம் வைத்தார். பிளக்குகளைக்கூட விடவில்லை. கழற்றி, நுனிவரை பூசி, மாட்டினார்.

மறுநாள் கார் வழியெல்லாம் இருமிக்கொண்டே ஹட்டன் போய்ச் சேர்ந்தது. கராச்சுக்கார மாயாண்டி எண்ணெயை மாற்றினார். பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், சிரித்தார், துடைத்து மாட்டினார். இருமல் நின்றது.

"எண்ணெய்க் காசு சரி. இருமலுக்கு எவ்வளவு காணும்?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"மையத் தொடைச்சதுக்குக் காசு வாங்குவாங்களாங்க? போயிட்டு வாங்க ஐயா."

காசு வேண்டாமாம்! கனகலிங்கத்துக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. சும்மா செய்துகொடுக்கிறான் என்றால் எதையோ பெரிதாகக் கழற்றியிருக்க வேண்டுமே?

"இஞ்சாருங்கோ, ரயில் வரப்போகுது," என்றாள் பின்சீட்டிலிருந்த மனைவி குணபூசணி.

"பொறும். இவன் எதையோ களவெடுத்திட்டான்."

நேரே அடுத்த தெருக் கராச்சுக்கு ஓட்டினார். காணாமற்போனதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர்கள் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் தரையில் பரப்பினார்கள். ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. ஆனால் திரும்பப் பூட்ட இரண்டு நாளாகுமாம். கூலியைக் கேட்டதும் கனகலிங்கத்துக்கே இருமல் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார், ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த தோட்டத்து லாரியில் வந்திறங்கினார்கள். பாவம், மாப்பிள்ளையின் தாயார் உட்கார்ந்துவந்தது மை காயாததால் ரயிலேறாமல் திரும்பிய ஒரு தேயிலைப் பெட்டியின்மேல். பட்டுச்சேலையின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயர் பளிச்சென்று பதிந்திருந்தது. கதவுக்குப் பின்னால் பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

குணபூசணிதான் வாயைத் திறந்து, காருக்கு மை பூசிய கதையைச் சொல்லி முடித்தாள். "கவலைப்படாதையுங்கோ. அடையாளம் வைச்சாச்சு, இனி உங்களை ஆரும் மாத்தேலாது. இவருக்கு இப்பதான் நிம்மதி!"

அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் வெற்றிலைக் கடைக்காரர் ஒரு பாக்கைச் சும்மா கொடுத்தபோது, தெருவுக்கு வந்து அதை முகர்ந்து பார்த்தது யார்?