குதித்துச் சாப்பிட்ட ரிஜெக்ட் அண்ணன்

திருப்பூரில் எந்தப் பனியனையும் முதல் பார்வையில் பாஸ் செய்யாத ஒரே மனிதர் எங்கள் கம்பெனி செக்கிங் மாஸ்டர்தான். ஒரு நூல் நீண்டிருந்தாலும் "ரிஜெக்ட்" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

ஆனால் அவர் புகழ் பரவியது சாப்பாட்டு நேரத்தில். நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு மூன்று குதி. புதிதாகச் சேர்ந்த பீகார்காரர்கள் இருவர், அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, அவர் குதிக்கும்போதெல்லாம் தட்டோடு எழுந்து நின்றார்கள்.

"ஏனுங்கண்ணா குதிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நெஞ்சுல நிக்குது கண்ணு. குதிச்சா எறங்கிருது" என்றார், பஸ் வழி சொல்வதுபோல.

இரண்டு வருடம் சிரித்தோம். பிறகு பேண்ட் அவர் இடுப்பில் நிற்காமல் போனது. எண்டோஸ்கோபி பார்த்த டாக்டர், "புண்ணு, கட்டி எதுவுமில்லீங்க. டென்ஷனைக் கொறைங்க" என்றார். அண்ணன் அந்த ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரிஜெக்ட்" என்றார்.

கோயமுத்தூரில் வேறொரு டாக்டரிடம் போனார். துணைக்கு நான். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே பைபோல் விரிந்து, கீழே கிளிமூக்காகக் குறுகியிருந்தது. அடுத்து மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, விழுங்கும்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று பார்ப்பது. குழாய் இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் வளைந்தது.

நர்ஸ் பத்து மடக்குத் தண்ணீரை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஏழாவதில் அண்ணன் கைகாட்டி நிறுத்தினார்.

"பாதி வெளிய ஒழுகிருச்சுங்க. இதைச் சேத்தாதீங்க."

சேர்க்கவில்லை.

ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "சோத்தைக் கீழ தள்ளி உடற அலையே இல்லீங்க. கீழ வால்வும் தொறக்கறதில்ல. கேன்சர் இல்ல. பலூன் வெச்சு விரிச்சரலாம்."

"அப்ப டென்ஷன் இல்லீங்களா?"

"இல்லீங்க."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "எனக்கே நான் கிறுக்கனோன்னு இருந்துச்சு கண்ணு" என்றார். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பலூன் வைத்து இரண்டு வாரம் கழித்து, கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார். மெதுவாகத்தான் இறங்கியது. மணி அடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். அவர் கடைசி வாயை விழுங்கும்வரை நான் கை கழுவப் போகவில்லை.