மூன்றாவது வளைவுக் குட்டை

மத்தியானம் மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் வாய்க்காலைக் காணோம்.

நேற்று இதே வெயிலில் அவரே கைப்பட வெட்டிய வாய்க்கால். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் குட்டையாகத் தேங்கிவிடுகிறது. அதற்காகப் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டையைப் பதித்து, அது முடிகிற இடத்திலிருந்து சரிவுப் பக்கத்துப் புல்லுக்குத் தண்ணீர் இறங்கிப் போக வழி வெட்டியிருந்தார். இப்போது அந்த வழி முழுக்கக் கல். யாரோ போட்டு, மிதித்து, மேலே மண்ணும் தள்ளி நேர்த்தியாக மூடியிருந்தார்கள். குட்டை பழைய இடத்திலேயே சொகுசாகப் படுத்திருந்தது.

"எவன்டா அது?" என்று கத்தினார். பதில் சொல்ல அங்கே ஈ காக்காய் இல்லை.

அவரை எல்லோரும் பாதைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பாதையைப் பராமரிப்பது அவர் உத்தியோகம். உத்தியோகம் என்பது சம்பளம் கொடுக்கிறவர்கள் சொல்கிற பேச்சு. பிள்ளை குட்டி இல்லாத அவருக்கு அந்த மண்பாதைதான் பிள்ளை. அதன் மேல் ஒரு கரண்டி சிமென்ட்கூட விழ விட்டதில்லை.

கல்லையெல்லாம் அள்ளி வாய்க்காலைத் திறந்துவிட்டு இறங்கி வந்தவரின் கையில் மண் காய்வதற்குள் மேலதிகாரி அம்மாவின் போன் வந்தது.

"மூணாவது வளைவுல தண்ணி தேங்குதுன்னு புகார் மேல புகார் வருது. பேசாம சிமென்ட் போட்டுடலாமா?"

"ஐயோ, வேண்டாம் மேடம்! சிமென்ட் போட்டா தண்ணி வேகம் எடுத்துக் கீழ இருக்கற மண்ணையெல்லாம் அரிச்சிடும். வாய்க்கா வெட்டி, புல்லுப் பக்கம் திருப்பி விட்டா போதும். தண்ணி தானா மண்ணுக்குள்ள எறங்கிடும்."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. போன வருஷம் பாதையை நல்லா சரி பண்ணீங்களேன்னுதான் பொறுமையா இருக்கேன். வெள்ளிக்கிழமை காலையில நானே வர்றேன். தண்ணி நின்னுச்சுன்னா சிமென்ட்தான்."

அவருக்கு அது, பிள்ளைக்கு ஆபரேஷன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

"வாய்க்காவுல கெடந்த கல்லையெல்லாம் என்ன பண்ணீங்க?" என்று மனைவி கேட்டாள். பாதையின் நுழைவாசலை ஒட்டியே அவர்கள் வீடு.

"சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்துட்டேன். நல்ல கல்லு, கைக்கு அடக்கமா இருக்கு. வாசல்ல நம்ம குவியல்ல கொட்டிட்டேன்."

"எதிரி போட்ட கல்லையா?"

"கல்லு என்னடி பண்ணும், பாவம்."

வாசல் குவியல் அவருடைய பெருமை. போன வருஷ மழை பாதையைக் குண்டும் குழியுமாக ஆக்கியபோது அவர் தொடங்கிய 'ஆளுக்கொரு கல்' திட்டம் அது. காலையும் மாலையும் நடக்க வருகிறவர்களுக்கு அவரே வாசலில் நின்று, வழியில் குழியைக் கண்டால் போடச் சொல்லி, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தனுப்புவார். அன்றிலிருந்து அந்த வேளைகளில் வாசலை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. வெட்டுவது கொத்துவது எல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானத்தில்தான்.

மறுநாள் வாய்க்காலை இரண்டு மடங்கு அகலமாக வெட்டினார். "எவ்வளவு கல்லுதான் போடுவான்னு பாத்துடறேன்!"

அதற்கு அடுத்த மத்தியானம் பார்த்தார். இரண்டு மடங்கு கல் கிடந்தது.

முள்ளம்பன்றியாக இருக்குமோ என்று யோசித்தார். முள்ளம்பன்றி கல் அடுக்காது என்று மனைவி சொன்னாள். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வாய்க்காலைச் சுற்றி முள் கிளைகளைப் போட்டு வைத்தார். நடக்க வந்தவர்கள் முள்ளுக்குப் பயந்து ஓரமாகச் சுற்றிப் போக, பாதையின் விளிம்பு பொலபொலவென்று சரிந்தது. சரிந்த மண் குட்டைக்குள் விழுந்து, வெறும் தண்ணீராக இருந்தது கொழகொழ சேறானது. முள்ளை அள்ளிப் போட்டுவிட்டு வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்டினார். அதுவும் மூடிக்கொண்டது.

ஒரே ஆறுதல், வாசல் குவியல். கொட்டக் கொட்டக் கரைந்துகொண்டிருந்தது. தினமும் நடக்க வருகிற தொப்பி சார், கூட்டத்துக்கே தலைவர் மாதிரி, இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கு ரெண்டாக் குடுங்க. இப்பல்லாம் ஒண்ணு பத்தல."

பாதைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா?" என்றார் மனைவியிடம். "எவனோ ஒருத்தன் கெடுக்கறான். ஆனா ஜனங்க மொத்தமும் நம்ம பக்கம்."

வியாழக்கிழமை இரவு நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை, மேலதிகாரி அம்மாவை வரவேற்க வாசலை மனைவியிடம் விட்டுவிட்டு, அவர் மண்வெட்டியோடு நேராக மூன்றாவது வளைவுக்கு ஓடினார். நேற்று மாலையோடு வாய்க்கால் மூடியிருந்தது. குட்டை ததும்பிக்கொண்டிருந்தது. முதல் வெட்டுப் போடுவதற்குள் அந்த அம்மா வந்து நின்றார். செருப்பெல்லாம் சேறு. ஒரு கையில் குடை, மறு கையில் ஒரு கல்.

"உங்க வீட்டம்மா குடுத்தாங்க" என்றார், கல்லை என்ன செய்வதென்று தெரியாமல். "அது இருக்கட்டும். இது என்ன?"

"மேடம், ஒரே ஒரு நிமிஷம்!"

மண்டியிட்டுக் கையாலேயே கற்களை அள்ளி வெளியே எறிந்தார். கடைசிக் கல் வந்ததுதான் தாமதம், குட்டை கட்டையோரமாக நகர்ந்தது, வாய்க்காலில் சலசலவென்று இறங்கியது, புல்லுக்குள் பரவி மறைந்தது. குட்டை இருந்த இடத்தில் ஈர மண் மட்டும் மிஞ்சியது.

அந்த அம்மா குடையைச் சாய்த்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அட, ஓடுதே! இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம். யாரோ ஒரு படுபாவி தினமும் வந்து மூடிட்டுப் போயிடறான்."

"சரி, சிமென்ட் வேண்டாம். ஆனா அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. அது உங்களால முடியலைன்னா சொல்லுங்க, அடுத்த வாரமே சிமென்ட் வண்டி வரும்."

"எங்க போயிடுவான்? கண்டுபிடிக்கிறேன் மேடம். என் கையில மட்டும் சிக்கட்டும்."

பாதைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வளைவுக்குக் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. தொப்பி சார் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் காலை நடைக்காரர்கள் ஒரு பட்டாளம். வாய்க்காலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, கையிலிருந்த இரண்டு கல்லையும் அதற்குள் பொத்தென்று போட்டு, காலால் மிதித்துவிட்டு, மேலதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"கையில வெச்சுக்கிட்டு என்னம்மா யோசனை, உங்க கல்லையும் போடுங்க! நாங்களும் தினம் அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கோம், யாரோ ஒரு படுபாவி மத்தியானத்துல வந்து தோண்டிட்டுப் போயிடறான்!"